நின்ற கட்டபொம்மனா, உட்கார்ந்த கட்டபொம்மனா? கரிசல் காட்டில் இன்றும் ஓயாத ஒரு சினிமா விவாதம்!

அட்டைக் கத்தி, மை மீசை, அம்மாவின் பட்டுப் புடவையை மடித்துக் கட்டிய தலைப்பாகை. தமிழ்நாட்டுப் பள்ளி ஆண்டு விழாக்களில் மாறுவேடப் போட்டி என்றால் இந்த மூன்றும் எப்படியும் மேடை ஏறிவிடும். மைக் முன்னால் வந்து நிற்கிற ஐந்தாம் வகுப்புப் பையன் யாரென்று அறிவிக்க வேண்டிய அவசியமே இருக்காது. அவன் வாயைத் திறந்ததுமே கூட்டம் கைதட்டிவிடும்.

கொஞ்சம் கவனித்தால் ஒன்று புரியும். அந்தப் பையன் நடித்துக் காட்டுவது கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசனை!

1959 மே 16-ல் தமிழகத் தியேட்டர்களுக்கு வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தின் செல்வாக்கு அப்படி. 60 ஆண்டுகளைத் தாண்டிய பிறகும் கட்டபொம்மன் என்றால் நம் கண்ணில் வருவது சிவாஜியின் முகம்தான், காதில் விழுவது அவர் குரல்தான். ஆனால், இந்தப் படத்தைக் கொண்டாடியவர்கள் எத்தனை பேரோ, அதோடு சண்டை போட்டவர்களும் அத்தனை பேர். ‘இதுதான் வரலாறு’ என்று ஒரு தரப்பும், ‘இது வெறும் நாடகம்’ என்று இன்னொரு தரப்பும், ‘எங்கள் ஊர்ப் பெயரையே கெடுத்துவிட்டது’ என்று மூன்றாவது தரப்பும் இன்றுவரை பேசிக்கொண்டுதான் இருக்கின்றன.

இந்த விவாதத்துக்கு மிக நெருக்கமான மண் என்றால், அது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சேர்ந்த வறண்ட கரிசல் காடு. அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே பந்தல்குடி வழியாகப் போனால் எட்டயபுரம். அதையும் தாண்டினால் பாஞ்சாலங்குறிச்சி. கிழக்கே திருச்சுழி, கமுதி வழியாகப் போனால் ராமநாதபுரம். அதாவது, படத்தின் நாயகன் ஊர், வில்லன் ஊர், அந்தப் புகழ்பெற்ற வசனம் பேசப்பட்ட ஊர் மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது இந்தச் சீமை!

மேடையில் பிறந்த படம்

முதலில் இது நாடகம். சக்தி டி.கே.கிருஷ்ணசாமி எழுத, சிவாஜி நாடக மன்றம் 1957-ல் சேலத்தில் அரங்கேற்றியது. ஊர் ஊராக நடந்த அந்த நாடகத்தைத்தான் பி.ஆர்.பந்துலு தன் பத்மினி பிக்சர்ஸ் சார்பில் பிரமாண்டமான வண்ணப் படமாக எடுத்தார். வரலாற்றுத் தகவல்களுக்கு, கட்டபொம்மனைப் பற்றி நூல் எழுதியிருந்த ம.பொ.சிவஞானம் துணை நின்றார். போர்க்களக் காட்சிகளை ஜெய்ப்பூரில் எடுத்தார்கள். படத்தை லண்டனுக்கு அனுப்பி டெக்னிகலராக மாற்றினார்கள். இங்கே வெளியாவதற்குச் சில நாள்களுக்கு முன்பே லண்டனில் சிறப்புக் காட்சியும் நடந்தது.

அதன்பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். ஜி.ராமநாதனின் இசைக்கும் அங்கே விருது கிடைத்தது. ஜாக்சனாக நடித்த சி.ஆர்.பார்த்திபனுக்கு வாழ்நாள் முழுக்க ‘ஜாக்சன் துரை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2015-ல் டிஜிட்டலில் புதுப்பித்து மறுபடியும் வெளியிட்டபோது, தாத்தாக்கள் பேரன்களைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனார்கள்.

ஆனால், கரிசல் காட்டுக் கிராமங்களில் பலருக்கு இந்தப் படம் முதலில் காதில்தான் நுழைந்தது. கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ரேடியோ கட்டினால், பாட்டு தீர்ந்த பிறகு ‘கதை வசனம்’ ஓடும். ‘கட்டபொம்மன்’ ஒலிச்சித்திர இசைத்தட்டும், பிறகு வந்த கேசட்டும் அப்படி ஓடித் தேய்ந்தவை. படத்தைப் பார்க்காமலேயே முழு வசனத்தையும் ஒப்பிக்கிற ஒரு தலைமுறை உருவானது இப்படித்தான்.

வானம் பார்த்த மண்ணின் கைதட்டல்

படத்தின் உச்சம் எதுவென்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்... ஜாக்சன் துரையோடு நடக்கும் வாக்குவாதம். மழை பெய்வதிலும் பயிர் விளைவதிலும் உனக்கு என்ன பங்கு, வரி கேட்க நீ யார் என்று கட்டபொம்மன் கேட்கும் காட்சி. நாற்று, களை, வீட்டுப் பெண்களின் அரைப்பு வேலை என்று அடுக்கிக்கொண்டே போகும் வசனம் அது.

இந்த வசனம் மெட்ராஸில் கைதட்டல் வாங்கியது நடிப்புக்காக. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இங்கே பெரும்பாலான நிலம் மானாவாரி. புரட்டாசியில் விதையைப் போட்டுவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழைக்காக அண்ணாந்து பார்க்கிற விவசாயம். பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, மல்லி, மிளகாய் எதுவானாலும் வானம்தான் முதலாளி. கண்மாய் நிறைந்தால் கொஞ்சம் நெல். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாள்களை எண்ணிவிடலாம். மழையும் நம் கையில் இல்லை, விலையும் நம் கையில் இல்லை, ஆனால் கட்ட வேண்டியதை மட்டும் நாள் தவறாமல் கட்ட வேண்டும் என்பது இந்த மண்ணின் நிரந்தரக் கவலை.

அப்படிப்பட்ட ஊரில், ஒருவன் அதிகாரியின் முகத்துக்கு நேராக நின்று கணக்குக் கேட்கிறான் என்றால் சும்மா இருப்பார்களா? விசில் பறந்ததில் ஆச்சர்யம் இல்லை.

ஆவணத்தில் இருக்கும் இன்னொரு காட்சி

இங்கேதான் முதல் சிக்கல் தொடங்குகிறது. படம் காட்டும் சந்திப்பு ஒன்று, கம்பெனி ஆவணங்களை வைத்து வரலாற்று ஆசிரியர்கள் சொல்லும் சந்திப்பு வேறு.

1792-ல் ஆற்காட்டு நவாபோடு போட்ட உடன்படிக்கையின் மூலம், பாளையக்காரர்களிடம் நேரடியாக வரி வசூலிக்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1798 மே முடிவில் கட்டபொம்மன் தர வேண்டிய பாக்கி 3,310 பகோடா என்றது கம்பெனி. பகோடா என்பது நம் ஊரில் வராகன் என்று சொன்ன பொன் நாணயம். ராமநாதபுரத்தில் வந்து தன்னைப் பார்க்கும்படி 1798 ஆகஸ்ட் 18-ல் கலெக்டர் ஜாக்சன் உத்தரவு போட்டார். ஆனால், அவர் ராமநாதபுரத்தில் இல்லை. குற்றாலத்தில் இருந்தார். கட்டபொம்மன் அங்கே போனார். பார்க்க மறுத்தார் ஜாக்சன். அவர் சுற்றுப்பயணம் கிளம்ப, பின்னாலேயே போனார் கட்டபொம்மன். சொக்கம்பட்டி, சிவகிரி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், பாவாலி, பள்ளிமடை, கமுதி... ஒவ்வோர் ஊரிலும் காத்திருப்பு. 23 நாள்கள், சுமார் 400 மைல். கடைசியில் செப்டம்பர் 10-ம் தேதி வாக்கில் ராமநாதபுரத்தில்தான் பேட்டி கிடைத்தது.

இந்தப் பட்டியலில் பாவாலி, விருதுநகர் பக்கத்து ஊர். அங்கிருந்து கமுதிக்குப் போக வேண்டுமென்றால் அருப்புக்கோட்டை, திருச்சுழிக் காட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பள்ளிமடை என்ற பெயர், திருச்சுழியை ஒட்டிய பள்ளிமடத்தை நினைவுபடுத்துகிறது. ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று உலகம் அறிந்த திருச்சுழிக்கு, இப்படி ஒரு பழைய வழித்தடமும் சொந்தம்.

சரி, ராமநாதபுரத்தில் என்ன நடந்தது? ஆவணங்களின்படி கட்டபொம்மனும் அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையும் ஜாக்சன் முன்னால் மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டார்கள். கணக்கைப் பார்த்தபோது, 3,310-ல் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டப்பட்டு, மீதி 1,080 பகோடாதான் பாக்கி என்று தெரியவந்தது. கைதுசெய்யப் போகிறார்கள் என்று புரிந்ததும் கைகலப்பு. அதில் லெப்டினென்ட் கிளார்க் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார். பிள்ளை பிடிபட்டார்.

படத்தில் வரும் கட்டபொம்மன் துரைக்குச் சமமாக உட்கார்ந்து பேசுகிறார். வரியே கிடையாது என்கிறார். ஆவணத்தில் இருக்கும் கட்டபொம்மன் வரியில் பெரும்பகுதியைக் கட்டியவர், மூன்று வாரம் அலைந்தவர், மூன்று மணி நேரம் நின்றவர்.

‘அப்படியென்றால் படம் பொய்தானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. ‘வரிக் கணக்கு போட்ட துரையின் ஆபீஸ் எழுதிய காகிதம் மட்டும் உண்மையா?’ என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. ஆனால், இந்த விஷயத்தில் கம்பெனிக்காரர்களே ஜாக்சன் பக்கம் நிற்கவில்லை என்பதுதான் சுவாரஸ்யம். மெட்ராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் விசாரணைக் குழு அமைத்தார். கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்று முடிவானது. பிள்ளை விடுவிக்கப்பட்டார். ஜாக்சன் பதவி இழந்தார். அந்த இடத்துக்கு லூஷிங்டன் வந்தார்.

‘கத்திக்கிட்டே இருக்காரே!’

இரண்டாவது வகை விமர்சனம் வரலாற்றைப் பற்றியதல்ல, சினிமாவைப் பற்றியது. நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட வசனங்கள் அப்படியே படத்துக்கு வந்துவிட்டன என்பது பழைய குறை. கேமரா முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது இவ்வளவு உரக்கப் பேச வேண்டுமா என்று கேட்கிற இளைய ரசிகர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இல்லை. ஜாக்சன் காட்சியை மட்டும் மொபைலில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதே காட்சி மீம் டெம்ப்ளேட்டாகவும் ஆகிவிட்டது.

மொழி பற்றியும் ஒரு கேள்வி உண்டு. கட்டபொம்மன் ராஜகம்பளத்து நாயக்கர் மரபில் வந்தவர். வீட்டு மொழி தெலுங்கு. ‘கெட்டி பொம்மு’ என்ற பெயர்தான் கட்டபொம்மு ஆகி, கட்டபொம்மன் ஆனது என்பார்கள். படத்தில் வருபவரோ அடுக்குமொழிச் செந்தமிழில் முழங்குகிறார். 1950-களின் மேடைத் தமிழ் அது. திராவிட இயக்க மேடைகளும் தமிழரசுக் கழக மேடைகளும் சூடாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட நாடகம் வேறு எப்படி இருக்கும் என்பது ரசிகர்களின் பதில்.

இதில் ஒரு சின்ன உண்மை மறந்துபோகிறது. கரிசல் காட்டில் வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு ஒருவன் இரண்டு மொழிக்காரனாக இருப்பது ஒரு பிரச்னையே இல்லை. தேவராட்டம் ஆடிக்கொண்டே தமிழில் கட்டபொம்மன் கதைப்பாடலைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். படம் வருவதற்கு முன்பே, கும்மியாகவும் கூத்தாகவும் கதைப்பாடலாகவும் கட்டபொம்மன் இந்த ஊர்களில் இருந்தார். பிற்காலத்தில் நா.வானமாமலை அந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். சினிமா வந்த பிறகு கூத்துக்காரர்களும் சிவாஜி மாதிரியே பேசத் தொடங்கினார்கள் என்பதுதான் வேடிக்கை.

கொள்ளைக்காரரா, விடுதலை வீரரா?

மூன்றாவது விமர்சனம்தான் மிகக் காரமானது. ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணன் எழுதிய நூலின் தலைப்பே ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’. பக்கத்துப் பாளையங்களின் ஊர்களில் புகுந்து சூறையாடியவரை எப்படி விடுதலை வீரர் என்பது என்பதே அவர் தரப்பின் கேள்வி. கட்டபொம்மனைத் தூக்கிப் பிடித்த ம.பொ.சி. தரப்பு இதைக் கடுமையாக மறுத்தது. கம்பெனியின் கடிதங்களிலும் எதிரிப் பாளையங்களின் ஏடுகளிலும் கட்டபொம்மன் கொள்ளைக்காரராகத்தானே தெரிவார் என்பது அவர்களின் வாதம்.

இன்று பொறுமையாக யோசித்தால், இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பது தெரியும். 18-ம் நூற்றாண்டுப் பாளையக்காரர் என்பவர் இன்றைய பொருளில் ஜனநாயகத் தலைவர் அல்ல. ஊர்க் காவல், தேசக் காவல் என்ற பெயரில் கிராமங்களிடம் வரி வாங்கியவர். எல்லைத் தகராறு வந்தால் அடுத்த பாளையத்தின் ஊர்களில் புகுவது அந்தக் காலத்து அரசியல். இதில் பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் விதிவிலக்கு அல்ல. அந்தச் சண்டைகளில் களஞ்சியத்தை இழந்த விவசாயியின் பெயர் எந்தக் கதைப்பாடலிலும் இல்லை, எந்தப் படத்திலும் இல்லை.

ஆனால், அதே பாளையக்காரர் கடைசி நாளில் எப்படி நடந்துகொண்டார் என்பதற்குச் சாட்சி சொல்வது அவருடைய எதிரி. 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய மேஜர் பானர்மேன், அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் பாளையக்காரர்கள் கூடியிருக்க விசாரணை நடத்தித் தூக்கிலிட்டார். மறுநாள் மேலிடத்துக்கு அனுப்பிய கடிதத்தில், விசாரணையின்போது கட்டபொம்மன் சிறிதும் கலங்கவில்லை, எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை ஏளனமாகப் பார்த்தார், உறுதியான நடையோடு தூக்குமேடைக்குப் போனார் என்று எழுதினார். கால்டுவெல் தன் திருநெல்வேலி வரலாற்றில் இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார்.

ஆக, ஜாக்சன் காட்சியில் கற்பனையைக் கலந்த படம், க்ளைமாக்ஸில் அவ்வளவாகக் கற்பனை செய்யத் தேவையே இருக்கவில்லை!

எட்டயபுரத்தின் வருத்தம்

படத்தில் எட்டப்பனாக வி.கே.ராமசாமி நடித்தார். சிரிப்பும் நயவஞ்சகமும் கலந்த அந்த நடிப்பு எவ்வளவு வெற்றி பெற்றதென்றால், ‘எட்டப்பன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ‘காட்டிக் கொடுப்பவன்’ என்ற அர்த்தமே நிலைத்துவிட்டது. கட்சி தாவுகிற எம்.எல்.ஏ. முதல் ஆபீஸில் கோள் சொல்பவர் வரை எல்லோருக்கும் இந்தப் பட்டம்தான்.

இதில் காயப்பட்டது ஓர் ஊர். எட்டப்பன் என்பது தனி மனிதர் பெயரல்ல. எட்டயபுரம் ஆட்சியாளர்கள் பரம்பரையாகத் தாங்கிய பட்டப்பெயர். பாரதியார் பிறந்த ஊர் அது. அவருடைய தந்தை அந்த சமஸ்தானத்தில்தான் வேலை பார்த்தார். ‘பாரதி’ என்ற பட்டம் கிடைத்ததும் அங்கேதான். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் கடைசிக் காலத்தைக் கழித்ததும், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியதும் அந்த ஊர்தான். இத்தனை பெருமையும் ஒரு வில்லன் பாத்திரத்துக்குப் பின்னால் மறைந்துபோனதே என்பது எட்டயபுரத்துக்காரர்களின் நியாயமான வருத்தம்.

வரலாறு என்ன சொல்கிறது? எட்டயபுரம் கம்பெனியின் பக்கம் நின்றது உண்மை. கட்டபொம்மனைப் பிடிக்க முனைப்பாக உதவியது என்று பானர்மேன் கடிதமே சொல்கிறது. போருக்குப் பிறகு பாஞ்சாலங்குறிச்சி நிலங்களில் பங்கு கிடைத்ததும் உண்மை. ஆனால், கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது எட்டப்பன் அல்ல. புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர். கம்பெனியோடு நின்ற பாளையங்களும் ஒன்றிரண்டு அல்ல. இத்தனை பேரின் பழியையும் ஒரே ஒரு பெயர் சுமக்கும்படி ஆனதில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பின்வரிசையில் நின்றவர்கள்

படத்தில் ஜெமினி கணேசனும் பத்மினியும் நடித்த வெள்ளையத்தேவன் - வெள்ளையம்மாள் காதலுக்குக் காளை அடக்கும் காட்சி உண்டு, டூயட் உண்டு, கண்ணீரும் உண்டு. கட்டபொம்மனின் தளபதிகளில் ஒருவரான கவர்னகிரி சுந்தரலிங்கத்துக்கு அந்த அளவு இடமில்லை. வெடிமருந்துக் கிடங்கில் தீயோடு பாய்ந்து உயிரைக் கொடுத்தவர் என்று மக்கள் மரபு போற்றும் வீரர் அவர்.

இது வெறும் திரைக்கதைக் குறையாக நின்றுவிடவில்லை. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டபோது, அந்தப் பேருந்தில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்பு கிளம்பியது. சாதி மோதல்கள் வெடித்தன. கடைசியில் எல்லா மாவட்டங்கள், எல்லா போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது அரசு. நெல்லைக்குச் சூட்டியிருந்த கட்டபொம்மன் பெயரும், விருதுநகருக்குச் சூட்டியிருந்த காமராஜர் பெயரும் அப்போதுதான் போயின. ஒரே கோட்டைக்காக உயிரைக் கொடுத்த தலைவனையும் தளபதியையும் ஒரே மரியாதையோடு பார்க்க நமக்கு இன்னும் பழகவில்லை என்பதைக் காட்டிய சம்பவம் அது.

ஊமைத்துரைக்கும் இதே கதி. படம் 1799-ல் கயத்தாற்றுத் தூக்கோடு முடிகிறது. ஆனால், 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடித்துத் தள்ளப்பட்ட கோட்டையைச் சில நாள்களிலேயே மறுபடி எழுப்பினார். மே மாதம்வரை கம்பெனிப் படையைத் தடுத்து நிறுத்தினார். எதிரணியில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் அவரை வியந்து எழுதியிருக்கிறார். நவம்பரில் ஊமைத்துரையும் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். அந்த இரண்டாவது போரைப் பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் உண்டு. திரையில் பார்த்தவர்கள் இல்லை.

இன்னொன்று. படம் வெளியான அதே 1959 மே மாதத்தில்தான் மருது சகோதரர்களைப் பற்றிய ‘சிவகங்கைச் சீமை’யும் வெளியானது. கவிஞர் கண்ணதாசனின் தயாரிப்பு. வெள்ளையத்தேவன் வேடத்துக்குக் கேட்கப்பட்ட எஸ்.எஸ்.ராஜேந்திரன் அந்தப் படத்தில் இருந்ததால்தான் இங்கே ஜெமினி வந்தார். பாட்டுகள் இன்றும் நிற்கின்றன. படம் கட்டபொம்மனின் கலர் வெளிச்சத்தில் காணாமல் போனது. கட்டபொம்மன் பெரியவரா, மருதிருவர் பெரியவர்களா என்று அப்போது தொடங்கிய டீக்கடைப் பட்டிமன்றம் இன்னும் முடிந்தபாடில்லை.

சினிமா செய்த நன்மை

உலகம் முழுக்க இதே கதைதான். 1995-ல் வந்த ‘பிரேவ்ஹார்ட்’ படத்தை ஸ்காட்லாந்து வரலாற்று ஆசிரியர்கள் பிரித்து மேய்ந்தார்கள். ஸ்டெர்லிங் பாலத்துப் போரில் பாலத்தையே காணோம், உடைகள் அந்தக் காலத்தவை அல்ல என்றார்கள். ஆனால், வில்லியம் வாலஸ் என்ற பெயரை உலகமே தெரிந்துகொண்டது அந்தப் படத்தால்தான்.

இங்கேயும் அப்படித்தான். கம்பெனி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கி, அந்தப் பெயரே இல்லாமல் செய்யப் பார்த்தது. ஒரு படம் அந்தப் பெயரைத் தமிழகத்தின் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனது. சிவாஜியே கயத்தாற்றில் நிலம் வாங்கிச் சிலை வைத்தார். 1974-ல் அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டியது. 1999-ல் தபால்தலை வந்தது. நெல்லை மாவட்டத்தில் இருக்கும் கடற்படைத் தளத்துக்கே ‘ஐ.என்.எஸ். கட்டபொம்மன்’ என்றுதான் பெயர்.

அதே பந்துலுவும் சிவாஜியும் 1961-ல் ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தார்கள். ஆவணங்களுக்கு இன்னும் நெருக்கமான, அடக்கமான படம். வந்தபோது வசூலில் தோற்றது. கொஞ்சம் சத்தமாகச் சொன்னால்தான் கேட்பார்கள் என்று ரசிகர்களே சினிமாக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ என்னவோ!

எந்தக் கட்டபொம்மன் நமக்கு வேண்டும்?

ஒவ்வொரு மே மாதமும் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்து இளைஞர்கள் ஜோதி ஏந்தி ஓடுகிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் இன்னும் சில இடங்களையும் பார்த்துவிட்டு வரலாம். ராமநாதபுரம் அரண்மனையில் ஜாக்சன் சந்திப்பு நடந்ததாகச் சொல்லப்படும் ராமலிங்க விலாசம் இன்று அருங்காட்சியகம். சுவர் முழுக்க அழகான ஓவியங்கள். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே விளாத்திகுளம் போகிற வழியில் இருக்கிறது நாகலாபுரம். கட்டபொம்மனோடு மூன்று மணி நேரம் நின்ற அதே சிவசுப்பிரமணிய பிள்ளை, 1799 செப்டம்பர் 13-ல் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. தலைவருக்கு ஒரு மாதம் முன்னால் கயிற்றை முத்தமிட்டவரின் பெயர், பக்கத்து ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

படத்தைக் குறை சொல்பவர்கள், அது கட்டபொம்மனைப் பெரிதாக்கிவிட்டது என்கிறார்கள். ஒருவகையில் பார்த்தால், ஓரிடத்தில் அது அவரைச் சின்னதாக்கியும் விட்டது. ஒரு சின்ன வேலைக்காகத் தாலுகா ஆபீஸுக்குப் போய், இன்று போய் நாளை வா என்று ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டு, உட்காரச் சொல்ல ஆளில்லாமல் வாசலில் நின்ற அனுபவம் கரிசல் காட்டு விவசாயிக்கு நன்றாகத் தெரியும். பயிர் இன்ஷூரன்ஸுக்கும் வறட்சி நிவாரணத்துக்கும் வரிசையில் நிற்கிறவர்களுக்கு, உட்கார்ந்து முழங்கிய கட்டபொம்மன் ஒரு கனவு. 23 நாள் அலைந்து, மூன்று மணி நேரம் நின்று, கட்டிய வரிக்குக் கணக்குக் காட்டி, கடைசியில் பொறுக்க முடியாமல் திமிறிய கட்டபொம்மனோ பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

அந்தக் கட்டபொம்மனை இதுவரை யாரும் படமாக எடுக்கவில்லை. எடுத்தால் டயலாக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால், வெயிலும் புழுதியுமாக நீளும் அந்த 400 மைல் பாதையில் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் கண்டிப்பாக வரும்!